ஹஸ்கியா, மலமியூட்டா? எங்கள் வீட்டுச் சண்டையில் நான் எந்தப் பக்கம்

இந்த மாதம் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று வகுப்பில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அது கிடக்கட்டும். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் நடப்பது ஒரே நாய்க்கதை. அதை எழுதி இறக்கிவைக்காமல் வேறொன்றும் ஓடாது போலிருக்கிறது.

விஷயம் இதுதான். பத்து வருடமாக நாய் வேண்டும், நாய் வேண்டும் என்று நானும் தம்பியும் மாறிமாறிக் கேட்டு, கடைசியில் அம்மா "ஓம்" என்றுவிட்டா. எந்த நாய் என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தம்பிக்கு (வயது 14) சைபீரியன் ஹஸ்கி வேண்டும். அப்பாவுக்கு அலாஸ்கன் மலமியூட். அம்மா நடுநிலை, அதாவது யார் வென்றாலும் பிறகு குறை சொல்லும் உரிமையைத் தன் கையில் வைத்திருக்கிறா. அம்மம்மா இரண்டு படத்தையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே நரிதானே, இதுக்கேன் சண்டை?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டா.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில், ஒரு டவுன்ஹவுஸில். பின்னால் சின்ன வளவு, ஐந்தடி மரவேலி. குளிரைப் பொறுத்தவரை கவலை இல்லை. ரொறன்ரோக் குளிர் இந்த இரண்டு நாய்களுக்கும் வசந்தகாலம் மாதிரி. எனவே "குளிர் தாங்குமா" என்ற கேள்வியே இங்கே இல்லை. நாங்கள் தாங்குவோமா என்பதுதான் கேள்வி.

ஒரு நாய்க்கு ஏன் இவ்வளவு யோசனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 2019இல் அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டில் ஹஸ்கிக் குட்டி வாங்கினார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம், தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலை. நாய் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை நிலக்கீழ் அறையில். ஆறாவது மாதம் செற்றியின் ஒரு மூலையைத் தின்றது. ஏழாவது மாதம் கதவு நிலையைக் கடித்து மரத்தூள் ஆக்கியது. பிறகு வேலிக்கு அடியால் தோண்டிக்கொண்டு ஓடியது, ஒரு முறை அல்ல, மூன்று முறை. பதினோராவது மாதம் அதைக் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிள்ளைகள் வர மறுத்ததால் அப்பாவுடன் துணைக்கு நான் போனேன். வான் கதவைத் திறந்ததும் அது பாய்ந்து ஏறி, வால் ஆட்டிக்கொண்டு யன்னலோரம் இருந்தது. எங்கேயோ சுற்றப் போகிறோம் என்று நினைத்திருக்கவேண்டும். திரும்பி வரும்போது நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை.

அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. நாய்க்கு நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை, ஊசி எல்லாம் தவறாமல் கொடுத்தார்கள். அவர்கள் பார்த்தது முகத்தை. வாங்கியது ஒரு வேலைக்காரனை. வேலையே இல்லாத வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் தம்பியிடமும் அப்பாவிடமும் நான் திரும்பத்திரும்பச் சொல்வது: கண் நீலமா, உடம்பு பெரிதா என்று பார்க்காதீர்கள். அந்த நாயை உண்டாக்கியவர்கள் அதற்கு எந்தச் சுமையைக் கட்டினார்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தச் சுமையில்தான் இருக்கிறது.

அம்மம்மாவுக்காக முதலில் அடையாளம். அமெரிக்கன் கெனல் கிளப்பின் அளவுப்படி ஆண் ஹஸ்கி 20 முதல் 27 கிலோ வரை, பெண் 16 முதல் 23 கிலோ வரை. மலமியூட் ஆணுக்குச் சரியான எடை 38 கிலோ, பெண்ணுக்கு 34. அதைவிடப் பெரிதாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஹஸ்கியின் காது தலையுச்சியில் நெருங்கி நிற்கும். மலமியூட்டின் தலை அகலம், அதனால் காதுகள் தள்ளித்தள்ளி இருக்கும். ஹஸ்கியின் வால் நரிவால் மாதிரித் தொங்கும், உஷாரானால் மேலே வளையும். மலமியூட் வாலை முதுகுக்கு மேலே ஒரு சாமரம் போலத் தூக்கி வைத்திருக்கும். ஹஸ்கிக்குக் கண் மண்ணிறமாகவோ நீலமாகவோ ஒன்று அது ஒன்று இதுவாகவோ இருக்கலாம். மலமியூட்டுக்கு மண்ணிறம் மட்டும்தான். நீலக்கண் அந்த இனத்தில் தள்ளுபடிக் குறை. ஆகவே யாராவது நீலக்கண்ணுள்ள "அபூர்வ மலமியூட்" என்று விலையைக் கூட்டிச் சொன்னால், அபூர்வமாக இருப்பது உங்கள் அப்பாவித்தனம்தான்.

இனிச் சுமைக்கு வருவோம்.

ஹஸ்கியின் முன்னோர்கள் சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் இருந்த சுக்சி மக்களுடைய நாய்கள். குறைந்த பாரத்தை, அளவான வேகத்தில், மிக நீண்ட தூரம் இழுப்பது அவற்றின் தொழில். உணவு கிடைப்பது அரிதான இடம் என்பதால் குறைவாகத் தின்று கூடுதலாக ஓடுகிற நாய்தான் அங்கே நின்று பிடித்தது. 1908இல் கூசாக் என்ற ரஷ்ய வியாபாரி இவற்றை அலாஸ்காவின் நோம் நகரத்துக்குக் கொண்டுவந்தபோது அங்கத்தைய ஆட்கள் சிரித்தார்களாம். உள்ளூர் நாய்களுக்குப் பக்கத்தில் அவ்வளவு சின்னது. "சைபீரிய எலி" என்று பட்டம்கூட வைத்தார்கள். 1910இல் நோமில் நடந்த 408 மைல் பந்தயத்தில் அந்த எலிகள் 74 மணித்தியாலத்தில் ஓடி முதலாவதாக வந்தன. பிறகு யாரும் சிரிக்கவில்லை. 1930இல் அமெரிக்கன் கெனல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது.

1925ஆம் ஆண்டுச் சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நோமில் டிப்தீரியா பரவியது. மருந்து நெனானா வரைக்கும் ரயிலில் வந்தது. அங்கிருந்து 674 மைல் (ஏறக்குறைய 1085 கிலோமீற்றர்) பனிப்பாதை. ஏறத்தாழ 20 பேர் நாய்வண்டிகளில் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அதே வருடம் டிசம்பரில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்துவிட்டார்கள். ஆனால் எல்லோரையும்விட நீண்ட, ஆபத்தான பகுதியை ஓடியது செப்பாலா என்பவரின் வண்டி. மருந்தை எதிர்கொள்ளப் போனதையும் திரும்பியதையும் சேர்த்தால் 260 மைல். கடல் உறைந்த பனிக்கு மேலாலும் போனார்கள். அந்த வண்டியின் முன்நாய் டோகோ. அப்போது அதற்கு 12 வயது. எங்கள் தெருவில் 12 வயது நாய்களை இழுபெட்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

எனக்குப் பிடித்தது டோகோவின் அந்த ஓட்டம்கூட இல்லை, அதற்கு முந்திய கதை. குட்டியாக இருந்தபோது டோகோ சிறியது, நோஞ்சான், குழப்படி. வண்டிக்கு உதவாது என்று நினைத்த செப்பாலா அதை ஆறுமாதத்தில் ஒரு வீட்டுக்குச் செல்லப்பிராணியாகக் கொடுத்துவிட்டார். நல்ல வீடு, நல்ல கவனிப்பு. டோகோ யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, பல மைல் ஓடிப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை வண்டியில் பூட்டிப் பார்த்தபோது அன்றைக்கே 75 மைல் ஓடியதாம்.

உலகத்திலேயே பேர்போன ஹஸ்கிகளில் ஒன்று வீட்டு நாயாக இருந்து பார்த்துவிட்டுச் சொன்ன கருத்து அதுதான். அப்பாவின் நண்பர் வீட்டு நாய் சொன்னதும் அதையேதான். நாங்கள் "குழப்படி" என்றோம், அவ்வளவுதான்.

மலமியூட்டின் கதை வேறு. அலாஸ்காவின் வடமேற்கில் கொட்ஸபியூ நீரிணைப் பக்கம் இருந்த இனுப்பியாக் மக்களில் ஒரு பிரிவினரின் பெயர்தான் நாய்க்கும் வந்தது. அவர்கள் வேட்டையாடிய சீல், வால்ரஸ் இறைச்சி மலைபோல் இருக்கும். அதை மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு வருவது மலமியூட்டின் வேலை. பந்தயக்குதிரை அல்ல, பார லொறி. தங்கவேட்டைக் காலத்தில் வந்தவர்கள் தங்கள் நாய்களோடு கலந்து இனத்தைக் கெடுத்ததும், ஒதுங்கி இருந்த ஊர்களில் அது தப்பிப் பிழைத்ததும், 1935இல் பதிவானதும், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எண்ணிக்கை மிகவும் குறைந்து பதிவுப் புத்தகத்தைத் திரும்பவும் திறக்கவேண்டி வந்ததும் பெரிய கதை. 2010இல் அலாஸ்காவின் அரச நாயாக அறிவித்தார்கள். அந்த யோசனையைக் கொண்டுவந்தது ஆங்கரேஜ் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

(ஸ்டார் வோர்ஸ் படத்தில் வரும் சூபாக்கா, ஜோர்ஜ் லூக்காஸ் வளர்த்த மலமியூட்டைப் பார்த்து உருவானது. அந்த நாயின் பெயர் இந்தியானா. இந்தியானா ஜோன்ஸுக்கும் பெயர் அங்கிருந்துதான். இதை அப்பாவிடம் சொன்னது நான் செய்த பிழை. அன்றிலிருந்து அவர் பிடியை விடுகிறாரில்லை.)

இப்போது இந்த இரண்டு தொழிலையும் எங்கள் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். ஹஸ்கியின் தொல்லை தூரம். கதவு திறந்தால் அது போய்விடும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், ஆனால் வராது. ஐந்தடி வேலி அதற்கு ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். ஏறும், முடியாவிட்டால் தோண்டும். மலமியூட்டின் தொல்லை பலம். அது ஹஸ்கி அளவுக்கு ஊர்சுற்றி அல்ல. ஆனால் ஒரு பக்கம் போவது என்று தீர்மானித்தால் உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போகும். இந்த இரண்டில் எந்தத் தொல்லையை உங்கள் வீடு சமாளிக்கும் என்பதுதான் தெரிவு. தொல்லை இல்லாத மூன்றாவது பெட்டி ஒன்று கடையில் இல்லை.

அப்பாவின் வாதம்: மலமியூட் பெரியது, நிதானமானது, வீட்டுக்குக் காவல். இதில் நடுவில் உள்ளது மட்டும் ஓரளவு உண்மை. வளர்ந்த மலமியூட் ஹஸ்கியைவிட அமைதி என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காவல்? இரண்டு இனமும் மனிதர்களைக் கண்டால் உருகிவிடும். கள்ளன் வந்தால் ஹஸ்கி அவனுக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடக்கும், மலமியூட் அவன் மடியில் ஏறி இருக்கப்பார்க்கும். உருவத்தைப் பார்த்துக் கள்ளன் பயந்தால் உண்டு.

பெரியது என்பதை விளக்க ஒரு பரிசோதனை செய்தேன். வீட்டில் இருந்த 40 இறாத்தல் அரிசி மூட்டை இரண்டையும் பனியில் சறுக்கும் பலகையில் ஏற்றினேன். இரண்டும் சேர்ந்து 36 கிலோ. வீட்டுக்கு முன்னால் உள்ள சரிவில் வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் தள்ளச் சொன்னேன். என் எடை 51 கிலோ. இரண்டாம் முறை நான் பக்கத்து வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டிவரை போனேன். அரிசி மூட்டைக்குக் கால் இல்லை, முயலைக் கண்டால் ஓடவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ரொறன்ரோச் சட்டப்படி பொது இடத்தில் நாய்க்கயிறு 2 மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. அந்த 2 மீற்றரின் மறுமுனையில் பெரும்பாலும் நான்தான் நிற்கப்போகிறேன், அப்பா அல்ல.

அதைவிட அம்மம்மா. அவவுக்கு 79 வயது, நடக்கிறது வோக்கரோடு. மலமியூட்டுக்கு அவமேல் கோபம் வராது, அன்புதான் வரும். குசினியிலிருந்து அறைக்குப் போகிற ஒடுங்கிய வழியில் 38 கிலோ அன்பு வந்து காலோடு உரசினால் போதும். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஹஸ்கியும் இடிக்கும்தான். ஆனால் 18 கிலோப் பெண் ஹஸ்கி இடிப்பதற்கும் மலமியூட் இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம், சைக்கிளுக்கும் வானுக்கும் உள்ள வித்தியாசம்.

சனிக்கிழமைகளில் மாமா வீட்டுக்காரர் தங்கள் லப்ரடோரோடு வருவார்கள். ஆண். மலமியூட்டுகளில் கனக்க நாய்கள் தங்கள் பாலைச் சேர்ந்த இன்னொரு நாயைச் சகிக்காது. பழக்கினால் குறையலாம், ஆனால் அதை நம்பி மாமாவோடு உறவை வைக்கமுடியாது. ஹஸ்கி கூட்டமாய் ஓடிப் பழகியது, பிற நாய்களோடு பொதுவாகச் சேரும். பூனை, முயல், அணில் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே கட்சி. பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் வேலியில் வெயில் காய்வதை இனி விடவேண்டியதுதான்.

சத்தத்தில் தம்பி பக்கம் தோற்கிறது. "பேசுகிற ஹஸ்கி" வீடியோக்களை அவன் நாளுக்கு இருபது பார்க்கிறான். அந்த வீடியோ அரை நிமிடத்தில் முடிந்துவிடும், நாய் முடியாது. ஹஸ்கி குரைப்பது குறைவு, ஊளையிடுவது அதிகம். டவுன்ஹவுஸில் எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் நித்திரை கொள்கிற ஒருவர் இருக்கிறார். மலமியூட்டும் ஊளையிடும், ஆனால் ஒப்பிட்டால் சபையறிந்து பேசும்.

உரோமத்தைப் பற்றி இரண்டு பக்கமும் வாதாடுவது வீண். இரண்டுக்கும் இரட்டைப் போர்வை. வருடத்தில் இரண்டு தடவை உள்போர்வை கொத்துக்கொத்தாய்க் கழன்று வரும். "ஆர் பிள்ளை உந்த மயிரெல்லாம் கூட்டுறது?" என்று அம்மம்மா கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. வெயில்காலத்தில் பாவம் என்று மொட்டையடிக்கவும் கூடாது. அந்தப் போர்வைதான் வெயில் தோலில் நேரே படாமல் காப்பது. ஜூலையில் இங்கே 30 பாகைக்கு மேல் போய்ப் புழுக்கமும் சேரும் நாட்களில் விடியற்காலையும் இரவும்தான் நடை. கொழும்பிலும் சென்னையிலும் ஏசி அறைக்குள் ஹஸ்கி வளர்க்கிற உறவினர்களின் படங்கள் எங்கள் குடும்பக் குழுவுக்கும் வருகிறது. நாள் முழுக்க ஏசி போட்டாலும் அந்த நாய் ஓடவேண்டிய தூரம் அறைக்குள் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சித்தி வாசிப்பா.

சாப்பாட்டைப் பற்றி எங்கள் ஆட்களுக்கென்று ஒன்று சொல்லவேண்டும், எந்த நாய் என்றாலும். "மிச்சக் கறியைப் போட்டால் தின்னும்" என்பது இங்கே செல்லாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயம் இல்லாத கறி எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகூடக் கிடையாது. முந்திரிகை வத்தல் சிறுநீரகத்துக்குக் கேடு, ஆகவே பாயாசமும் இல்லை. சாப்பாட்டுச் செலவில் ஹஸ்கி ஆச்சரியமாய் மலிவு, உடம்புக்குக்கூடக் குறைவாய்த் தின்னும். மலமியூட் அப்படியல்ல.

ஆக, ஒரு நேர்மையான விடை சொன்னால்: இரண்டு பலமான பெரியவர்கள், உயர்ந்த வேலியோடு பெரிய வளவு, வேறு நாய் இல்லை, விழுந்தால் ஆபத்தான வயதில் ஒருவரும் இல்லை என்றால் மலமியூட்தான் நல்லது. ஹஸ்கியைவிட அதோடு சீவிப்பது இலகு என்றே நினைக்கிறேன். அப்பாவுக்கு இதைச் சொல்லவும் செய்தேன், அவர் முதல் பாதியை மட்டும் கேட்டார். எங்கள் வீட்டுக்கு மலமியூட் சரிவராது. எங்கள் வீட்டுக்கு ஹஸ்கி, ஆனால் தம்பி கேட்கிற ஹஸ்கி அல்ல. குட்டி வேண்டாம். ஆறு ஏழு வயதுப் பெண் நாய், காப்பகத்திலிருந்து.

தம்பி முகம் சுருங்கியது. "அக்கா, பழசை ஏன் எடுக்கவேணும்?" குட்டியின் குணம் லொத்தர் மாதிரி. ஆறு வயது நாயின் குணம் ஏற்கெனவே எழுதி முடிந்த புத்தகம். வேலி பாயுமா, பூனையைத் துரத்துமா, வோக்கரைக் கண்டால் பயப்படுமா, எல்லாவற்றையும் அங்கே பார்த்துக்கொள்கிறவர்களிடம் கேட்கலாம். முதல் மூன்று வருடத்துப் பேய்த்தனமும் முடிந்திருக்கும். அத்துடன் ஹஸ்கிகளுக்குக் காப்பகங்களில் பஞ்சமே இல்லை. ஓநாய் முகத்தை ரீவியில் பார்த்துவிட்டு வாங்கிப் பிறகு கைவிடுகிற வழக்கம் எவ்வளவுக்குப் போனதென்றால், கேம் ஒப் த்ரோன்ஸ் நடிகர் பீற்றர் டிங்கிளேஜே 2017இல் ரசிகர்களிடம் ஹஸ்கி வாங்கவேண்டாம் என்று கேட்கவேண்டி வந்தது.

குட்டிதான் வேண்டும் என்று நிற்பவர்கள், விற்பவரிடம் தாய் தகப்பனின் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். ஹஸ்கிக்குக் கண் முக்கியம். சிறுவயதிலேயே வருகிற கண்புரை இந்த இனத்தில் பரம்பரையாய் வரும். மலமியூட்டுக்கு இடுப்பு மூட்டும், நரம்பைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான மரபணுச் சோதனையும். "சான்று என்னத்துக்கு, குட்டியைப் பாருங்கோ" என்று சொன்னால், குட்டியைப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பார்த்தால் வாங்கிவிடுவீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. இந்த நாய்க்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால் வருடத்துக்கு 730. குட்டியிலிருந்து 13 வருடம் என்றால் 9490 மணித்தியாலம். இதைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். தம்பி "ஈஸி" என்றான். அப்படியென்றால் நாய் இல்லாமல் ஒரு மாதம் நடந்து காட்டுவோம் என்றேன். காலை ஆறு மணிக்கு ஒரு மணித்தியாலம், இரவு ஏழுக்கு ஒரு மணித்தியாலம். ஜனவரி 5 முதல் 30 நாள், 60 நடை. கையில் வெறும் கயிறு. (சிரிக்கவேண்டாம். மூன்றாம் நாள் ஒரு பெண்மணி எங்களை நிறுத்தி, நாய் தொலைந்துவிட்டதா என்று கவலையோடு கேட்டா. தம்பி, "இன்னும் வரேல்லை" என்றான்.)

முதல் கிழமை உற்சாகம். இரண்டாம் கிழமை மைனஸ் 19. அந்தக் கிழமை தம்பி நாலு நாள் எழும்பவில்லை. நானும் ஒரு நாள் எழும்பாமல் அவனில் பழியைப் போட்டேன். மூன்றாம் கிழமை அப்பா, நாங்கள் உண்மையில் போகிறோமா என்று பார்க்கப் பின்னால் வந்தார். பிறகு சும்மாவும் வந்தார். முடிவில் 60இல் நான் 51, தம்பி 43, அப்பா 8. ஒருவருமே போகாத நடை இரண்டு. நாய் இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் அது செற்றியைத் தின்றிருக்கும் என்று தம்பியே சொன்னான். அவன் வாயால் அது வந்ததுதான் எனக்கு இந்த மாதம் கிடைத்த ஒரே வெற்றி.

வருகிற சனிக்கிழமை காப்பகத்துக்குப் போகிறோம். ஏழு வயதுப் பெண் ஹஸ்கி ஒன்று, இரண்டு கண்ணும் மண்ணிறம். முன்பு இருந்த வீட்டில் ஒரு கிழவர் இருந்தாராம், வோக்கர் பழக்கமாம். வேலி பாய்ந்ததாகப் பதிவு இல்லை, தோண்டியதாக உண்டு. அப்பா வேலியோரம் பதிக்கக் கம்பிவலை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். மலமியூட் பற்றி மூன்று நாளாய்க் கதைக்கவில்லை. நேற்று இரவு அம்மம்மா, "உந்த நரிக்கு என்ன பேர்?" என்று கேட்டா. பெயர் சொன்னோம். அவவின் வாயில் அது நுழையவில்லை. "நான் வேற பேர் வைக்கிறன்" என்றிருக்கிறா.